வெள்ளக்கால வீட்டுத் துப்புரவு

வெள்ளக்கால வீட்டுத் துப்புரவு என்பது, வெள்ளம் வீட்டைச் சூழ்ந்திருக்கும் நாட்களிலும் அது வடிந்த பின் வரும் வாரங்களிலும், மனித மலக்கழிவு குடிநீரிலோ உணவிலோ கைகளிலோ கலந்துவிடாதவாறு பிரித்து வைப்பதற்காக வீட்டார் மேற்கொள்ளும் செயல்களின் தொகுப்பு ஆகும். இயல்பான நாட்களில் இந்தப் பிரிப்பு வேலையை வீட்டின் குழாய்களும் தொட்டிகளும் செய்துவிடுகின்றன. குடிநீர் ஒரு வழியாக உள்ளே வருகின்றது; கழிவுநீர் வேறொரு வழியாக வெளியேறுகின்றது. வெள்ளத்தின்போது தரைமட்டத்தில் உள்ள திறப்புகள் யாவும் ஒரே நீர்ப்பரப்பின் கீழ் வந்துவிடுவதால் இவ்விரு வழிகளும் ஒன்றாகிவிடுகின்றன.

வெள்ளத்தினால் நோய் வரும் என்றவுடன் பெரும்பாலோர் தெருவில் தேங்கி நிற்கும் கறுத்த நீரையே நினைக்கின்றனர். அந்த நீர் கண்ணுக்குத் தெரிகின்றது, நாற்றம் வீசுகின்றது. ஆகவே அதை எவரும் குடிப்பதில்லை. வெள்ளம் வடிந்த பின் சொந்த வீட்டின் குழாயில் வரும் நீரை அவ்வாறு எவரும் ஐயுறுவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் கழிப்பறைக்கும் நீர்த்தொட்டிக்கும் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையைச் சார்ந்தவை.

சென்னைச் சூழல்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து அடையாற்றில் வெள்ளம் பெருகியது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய ஆற்றங்கரைப் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. மின்சாரம் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் ஆகிய தாழ்வான பகுதிகள் மீண்டும் நீரில் நின்றன.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011 ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் 2015 வெள்ளத்தின்போது பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் என்னும் கழிவுத் தொட்டியே இருந்தது. அதே வளாகத்தில், பெரும்பாலும் சில அடிகள் தள்ளி, தரைக்கு அடியில் நன்னீர்த் தொட்டி ஒன்றும் இருக்கும். பேச்சு வழக்கில் இது சம்ப் எனப்படுகின்றது. இரண்டின் மூடிகளும் தரைமட்டத்திலேயே அமைந்திருப்பது வழக்கம். வாகனம் நிறுத்த இடைஞ்சல் இல்லாதிருக்க இப்படி அமைக்கின்றனர். வெள்ளம் முழங்கால் அளவுக்கு வந்தாலே இரண்டு தொட்டிகளின் நீரும் கலக்கத் தொடங்கிவிடும்.

நோய் பரவும் வழிகள்

வயிற்றுப்போக்கு, வாந்திபேதி எனப்படும் காலரா, டைபாய்டு காய்ச்சல், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிசு ஏ மற்றும் ஈ ஆகியவை அனைத்தும் ஒருவரின் மலத்தில் இருந்து மற்றொருவரின் வாய்க்குச் செல்லும் கிருமிகளால் வருபவை. 1958 ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட, வாக்னர், லனோய் ஆகியோரின் நூல் இந்தப் பயணத்தை ஒரு வரைபடமாகக் காட்டியது. நீர், விரல்கள், ஈக்கள், மண், உணவு என்பனவே அதிலுள்ள வழிகள். மலத்தைத் தொடக்கத்திலேயே அடைத்து வைத்துவிட்டால் இவ்வழிகள் அனைத்தும் ஒருங்கே அடைபடுகின்றன. அது இயலாதபோதுதான் நீரைத் தூய்மை செய்தல், கை கழுவுதல் என ஒவ்வொரு வழியாக அடைக்க வேண்டியுள்ளது. வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குடிநீரா கழிப்பறையா என்னும் கேள்விக்கு, இரண்டையும் ஒரே நாளில் கவனிக்க வேண்டும் என்பதே விடை. நடைமுறையில் கழிப்பறையே மறக்கப்படுகின்றது. நிவாரணப் பொருட்களில் குடிநீர்ப் புட்டிகள் இடம்பெறும் அளவுக்கு மூடியுள்ள வாளிகள் இடம்பெறுவதில்லை.

இந்நோய்கள் வெளிப்படும் காலமும் அறியத்தக்கது. காலரா கிருமி உடலில் புகுந்த சில மணி நேரத்தில் இருந்து ஐந்து நாட்களுக்குள் நோயாகின்றது. டைபாய்டுக்கு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஹெப்படைட்டிசு ஈ வெளிப்பட 2 முதல் 10 வாரங்கள் வரை செல்லலாம். எனவே டிசம்பர் வெள்ளத்தில் மாசடைந்த தொட்டியின் விளைவு பொங்கலுக்குப் பின்னரும் தோன்றக்கூடும். அப்போது அதை வெள்ளத்துடன் தொடர்புபடுத்திப் பார்ப்பவர் மிகக் குறைவு. கருவுற்ற பெண்களுக்கு, சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், ஹெப்படைட்டிசு ஈ உயிருக்கே ஆபத்தானது.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1955 ஆம் ஆண்டில் யமுனையில் வெள்ளம் வந்தபோது, நஜப்கர் வடிகாலின் கழிவுநீர் தில்லியின் குடிநீர் எடுக்கப்படும் இடத்தை அடைந்தது. நீரேற்று நிலையத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளோரின் சேர்க்கப்பட்டது. டைபாய்டோ வயிற்றுக்கடுப்போ பெருகவில்லை. ஆனால் 1955 டிசம்பரிலும் 1956 சனவரியிலும் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பின்னாளைய ஆய்வுகள் இதனை ஹெப்படைட்டிசு ஈ எனக் கருதின. குளோரின் பாக்டீரியாக்களை எளிதில் கொன்றது. கலங்கலும் கழிவும் மிகுந்த நீரில் வைரசை அதனால் முழுவதும் அழிக்க இயலவில்லை.

கழிப்பறை

கழிப்பறைப் பீங்கானின் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். இது நீரடைப்பு எனப்படும். கழிவுக்குழாயின் வாயு வீட்டிற்குள் வராமல் இதுவே தடுக்கின்றது. வாயுவைத் தடுக்கும் இந்த அடைப்பு நீரின் அழுத்தத்தைத் தடுக்காது. வெளியே கழிவுத் தொட்டியிலோ சாக்கடையிலோ நீர்மட்டம் பீங்கானின் விளிம்பைவிட உயர்ந்தால், கழிவுநீர் பின்னோக்கி வந்து வீட்டிற்குள் வழியும். தரையோடு தரையாக அமைந்த இந்திய வகைக் கழிப்பறையில் இது முதலில் நிகழும். குளியலறைத் தரையில் உள்ள வடிகால் துளை சில வீடுகளில் அதைவிடத் தாழ்ந்து இருக்கும்.

நீர்மட்டம் உயரத் தொடங்கியதும் இத்துளைகளை அடைப்பது பயன் தரும். தடித்த பிளாஸ்டிக் பையில் மணலை முக்கால் பங்கு நிரப்பிக் கட்டி, பீங்கானின் வாயில் அழுத்தி வைக்கலாம். பை முழுவதும் நிரம்பியிருந்தால் வளைவுக்கு ஏற்றவாறு படியாது. இது கசிவை முற்றிலும் நிறுத்தாது. வரும் அளவைக் குறைக்கும்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு சிக்கல் உண்டு. மேல்தளங்களின் கழிவுக்குழாய்கள் யாவும் கீழே ஒரே குழாயில் சேர்கின்றன. அக்குழாயின் வாய் நீரில் மூழ்கி அடைபட்டிருக்கும்போது மூன்றாம் தளத்தில் ஊற்றப்படும் ஒரு வாளி நீர், குழாயின் மிகத் தாழ்ந்த திறப்பின் வழியாக, அதாவது தரைத்தளத்தில் இருப்பவரின் கழிப்பறை வழியாக, வெளியே வரும். மேலே இருப்பவருக்குத் தம் கழிப்பறை நன்றாக இயங்குவதாகவே தோன்றும். ஆகவே தரைத்தளத்தில் நீர் நிற்கும்வரை கட்டடத்தில் எவரும் கழிப்பறையில் நீர் ஊற்றாதிருப்பதே முறை. இதை முன்கூட்டியே குடியிருப்போர் சங்கத்தில் பேசி வைத்திருத்தல் நன்று. வெள்ளத்தின் நடுவில் மாடிப்படியில் நின்றுகொண்டு பேசித் தீர்க்கக்கூடிய செய்தியன்று இது.

வாளிக் கழிப்பறை

கழிப்பறையைப் பயன்படுத்த இயலாத நாட்களுக்கு வாளிக் கழிப்பறை பொருத்தமான மாற்று ஆகும். 2011 பெப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்தபோது, மக்கள் தோட்டங்களில் குழி தோண்டியும் பிற தற்காலிகக் கழிப்பறைகளைக் கொண்டும் பல வாரங்களைக் கழித்தனர். அந்நாட்டில் இன்று பேரிடர்க் காலத்துக்குப் பரிந்துரைக்கப்படும் முறைகளுள் இரண்டு வாளி முறையும் ஒன்று. ஒரு வாளி சிறுநீருக்கு, மற்றொன்று மலத்திற்கு. இரண்டையும் கலந்தால் பொருள் கூழாகி, நாற்றமும் எடையும் பெருகி, அகற்றுவது கடினமாகிவிடும்.

மலத்திற்கான வாளியில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை ஒன்றினுள் ஒன்றாக விரித்து, அடியில் ஒரு கையளவு மரத்தூள், சாம்பல் அல்லது உலர்ந்த மண் இட வேண்டும். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னரும் அதே பொருளால் மலம் முழுவதையும் மூடி, வாளியின் மூடியை இறுக்க வேண்டும். ஈக்கள் அணுகாதிருப்பதற்கு இம்மூடியே முதன்மையானது. கழுவும் நீர் வாளியில் விழுந்தால் உலர்த்தும் பொருள் பயனற்றுப் போகும்; ஆகவே கழுவும் இடத்தைத் தனியே வைத்து, அந்நீரைச் சிறுநீர் வாளியில் சேர்ப்பது நம் வழக்கத்திற்கு ஏற்ற மாற்றம். மலத்தால் மாசுபட்டிருக்கும் என்பதால் இவ்வாளியையும் மூடியே வைத்து, சாக்கடை இயங்கத் தொடங்கியதும் அதில் கொட்ட வேண்டும். பைகளை முக்கால் பங்கு நிரம்பியதும் கட்டி, பிற குப்பையுடன் கலக்காமல், மழை படாத இடத்தில் வைத்து, துப்புரவுப் பணியாளரிடம் உள்ளே இருப்பது என்ன என்பதைச் சொல்லியே ஒப்படைக்க வேண்டும். பெயர் எழுதாத கறுப்புப் பைகளைக் குப்பைத் தொட்டியில் இட்டுவிட்டுப் போவது, அவற்றை வெறுங்கையால் பிரிப்பவருக்குச் செய்யும் தீங்காகும். குழந்தைகளின் மலம் தீங்கற்றது என்னும் நம்பிக்கை தவறானது. அதையும் இதே வாளியில் சேர்க்க வேண்டும்.

தோட்டத்தில் குழி தோண்டிப் புதைப்பதற்கு வெள்ளக்காலம் ஏற்றதன்று. பேரிடர் நிவாரணத்திற்கான ஸ்பியர் கையேடு, குழிக்கழிப்பறை நீர்நிலைகளில் இருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியும், அதன் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்திற்கு 1.5 மீட்டர் மேலேயும் இருக்க வேண்டும் என்கின்றது. வெள்ளத்திற்குப் பின் சென்னையின் தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கும்.

கழிப்பறை இல்லாத நாட்களில் பலர், சிறப்பாகப் பெண்களும் முதியோரும், நீர் அருந்துவதைக் குறைத்துவிடுகின்றனர். மறைவான இடம் இல்லாமையே இதற்குக் காரணம். இதனால் உடலில் நீர் குறைந்து சிறுநீர்த் தொற்று முதலிய தொல்லைகள் வருகின்றன. ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, கைவிளக்கு ஒன்றை அருகில் வைப்பது சிறிய செயலாகத் தோன்றினும், அதனால் வீட்டில் உள்ளோர் போதிய நீர் அருந்துவர். மாதவிடாய்த் துணிகளையும் அணையாடைகளையும் இடுவதற்கு மூடியுள்ள தனிப் பாத்திரம் ஒன்று அங்கேயே இருத்தல் வேண்டும். அவற்றைக் கழிப்பறைக் குழாயில் இட்டால், வெள்ளம் வடிந்த பின்னரும் அடைப்பு நீங்காது.

கழிவுத் தொட்டி

வெள்ளம் வடிந்தவுடன் கழிவுத் தொட்டியை முழுவதும் இறைத்துவிட வேண்டும் என்று பலர் விரைகின்றனர். சுற்றியுள்ள மண் நீரால் ஊறியிருக்கும்போது காலியான தொட்டி, நீரில் அமிழ்த்திய வெற்றுப் பாத்திரம் போல, மேல்நோக்கித் தள்ளப்படும். சுவர் விரிசல் விடவும் குழாய் இணைப்பு முறியவும் கூடும். ஆகவே நிலத்தடி நீர் இறங்கும்வரை பாதியளவு மட்டும் இறைப்பதே பாதுகாப்பானது. எந்நிலையிலும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே தங்கும் ஐதரசன் சல்பைடு வாயு ஓரிரு மூச்சிலேயே மயக்கமடையச் செய்யும். மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே இறப்பதுண்டு. 2013 ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுத் தொட்டியில் இறக்குவதை வீட்டு உரிமையாளருக்கும் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத்தக்கதன்று. அது உயிர்வளிக் குறைவை மட்டுமே காட்டும். மீத்தேன் இருந்தால் தீப்பற்றவும் செய்யும்.

தரையடி நன்னீர்த் தொட்டி

வெள்ளநீர் தரையடித் தொட்டிக்குள் புகுந்துவிட்டால், அதிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றப்படும் வரை மாசு ஒரே இடத்தில் நிற்கின்றது. மோட்டார் ஒருமுறை ஓடிவிட்டால் மேல்நிலைத் தொட்டி, அதிலிருந்து இறங்கும் குழாய்கள், எல்லா வீட்டின் சமையலறைக் குழாய் வரை மாசு பரவிவிடும். இங்குத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எதிர்பாராத தீங்கு செய்கின்றன. மேலே நீர் குறைந்து, கீழே நீர் இருந்தால் மோட்டாரை இயக்க வேண்டும் என்பதே அக்கருவி அறிந்த ஒரே விதி. மின்சாரம் இல்லாத நாட்களில் மேல்தொட்டி காலியாகிவிடுகின்றது. கீழ்த்தொட்டியோ வெள்ளநீரால் நிரம்பி நிற்கின்றது. நள்ளிரவில் மின்சாரம் மீளும்போது, எவரும் விழித்தெழுவதற்கு முன்னரே கருவி தன் கடமையைச் செய்துவிடும். மழை எச்சரிக்கை வந்தவுடன் இக்கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்து, மேல்தொட்டியை நிரப்பி, இடையிலுள்ள வால்வை மூடிவிடுதல் இக்கட்டுரையில் கூறப்படும் செயல்களில் மிக எளிதானது.

வெள்ளநீர் புகுந்த தொட்டியைத் துப்புரவு செய்யும் முறை பின்வருமாறு. மின்னிணைப்பைத் தகுதியுள்ளவர் சோதித்த பின், உள்ளே உள்ள நீரை வெளியே இறைக்க வேண்டும். மோட்டாரின் மேலேற்றும் குழாயைக் கழற்றிவிட்டோ தனி மோட்டார் கொண்டோ இதைச் செய்யலாம். பின்னர் அடியிலுள்ள சேற்றை அகற்றிச் சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீண்ட கைப்பிடியுள்ள தூரிகையால் வெளியில் இருந்தபடியே தேய்ப்பது சிறந்தது. மூடிக் கிடந்த நன்னீர்த் தொட்டியிலும் உயிர்வளி குறைந்திருக்கலாம். செத்த எலி முதலியவை அழுகியிருந்தால் நச்சு வாயுவும் இருக்கலாம்.

சேற்றை அகற்றாமல் குளோரின் இடுவதால் பயனில்லை. சேற்றிலுள்ள கரிமப் பொருட்களே குளோரினைத் தீர்த்துவிடும். தொட்டியைத் தூய நீரால் நிரப்பிய பின்னரே குளோரின் சேர்க்க வேண்டும். தொட்டியைத் தொற்றுநீக்கம் செய்யும் அளவு ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் ஆகும். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது விரைவில் குறையும் என்பதால் 25 விழுக்காடு என்று கொள்வது பாதுகாப்பானது. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள தொட்டி 6,000 லிட்டர் கொள்ளும். அதற்கு வேண்டிய குளோரின் 300 கிராம். அதைத் தரும் பவுடர் 1.2 கிலோகிராம். தூளை நேரே கொட்டாமல் வாளி நீரில் சிறிது சிறிதாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

இந்த நீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, வீட்டின் ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூட வேண்டும். குளோரின் நீர் குழாய்களுக்குள் குறைந்தது 12 மணி நேரம் நிற்க வேண்டும். அதன் பின் முழுவதையும் வெளியேற்றி, மணம் நீங்கும்வரை நல்ல நீரால் அலச வேண்டும். இந்நீர் குடிப்பதற்கோ சமைப்பதற்கோ உரியதன்று. நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தால் அதன் இணைப்பை முன்னரே துண்டித்துவிட வேண்டும். குளோரின் அதன் சவ்வைக் கெடுத்துவிடும். ஒரு தொட்டி முழுவதும் நல்ல நீரை இவ்வாறு வீணாக்குவது, லாரி நீருக்குப் பணம் கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கு எளிதன்று. இதனாலேயே பல கட்டடங்களில் இப்படி விடுபட்டுப் போகின்றது.

தரையடித் தொட்டியின் வாயைச் சுற்றி, முன்பு கண்ட வெள்ளமட்டத்திற்கு மேல் உயருமாறு சிறு சுவர் எழுப்பி, இறுக்கமான மூடி இட்டால் இவ்வளவு வேலையும் மிச்சம்.

கிணறு

கிணற்றுக்கும் அதே முறையே பொருந்தும். வட்டக் கிணற்றில் விட்டத்தின் இருமடியை நீரின் ஆழத்தால் பெருக்கி, அதை 3.14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் நீரின் அளவு கனமீட்டரில் கிடைக்கும். ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர் ஆகும். கடலோரக் கிணறுகளுக்கு ஒரு விலக்கு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பகுதியில், உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். அதனால் அடியிலிருந்த உவர்நீர் மேலேறியதே தவிர உப்பு நீங்கவில்லை. மணற்பாங்கான அந்நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அத்தகைய இடங்களில் அளவாக ஒருமுறை இறைத்துவிட்டு மழைநீரால் உப்பு கழுவப்படுவதற்குக் காத்திருப்பதே வழி.

குடிநீர்

கொதிக்க வைத்தலே மிக நம்பகமான முறை. நீர் குமிழியிட்டுத் தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரசு, குளோரினுக்கு எளிதில் அழியாத ஒட்டுண்ணிகள் ஆகிய அனைத்தும் இறந்துவிடும். எரிவாயு குறைவாக இருந்தால் குளோரினைப் பயன்படுத்தலாம். 40 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளிய வைத்தால் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். 20 லிட்டர் தெளிந்த நீருக்கு இதில் 4 மில்லிலிட்டரும், சற்றுக் கலங்கிய நீருக்கு 8 மில்லிலிட்டரும் சேர்த்து அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். மருந்துப் புட்டியுடன் வரும் அளவுக் குவளை இதற்குப் போதும். அரைமணி நேரத்திற்குப் பின் மெல்லிய குளோரின் மணம் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையெனில் மீண்டும் ஒருமுறை அதே அளவு சேர்க்க வேண்டும். குளோரின் மாத்திரைகளின் வலிமை பலவகைப்படும் என்பதால் உறையில் குறித்துள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

மிகவும் கலங்கிய நீரை முதலில் தெளிய வைக்க வேண்டும். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. இவை நீரைத் தெளிவிக்கும், கிருமிகள் முழுவதையும் நீக்கமாட்டா. புட்டியில் நீரை நிரப்பி வெயிலில் வைக்கும் முறைக்கு ஆறு மணி நேர நல்ல வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதை நம்பியிருக்க இயலாது. அந்நாட்களில் மாடியில் சுத்தமான பாத்திரத்தில் நேராகப் பிடிக்கும் மழைநீரே கைக்கெட்டும் நீரில் தூய்மையானது. அதையும் கொதிக்க வைத்தே அருந்துதல் நன்று.

வேதிப்பொருட்கள் கலந்த நீருக்குக் கொதிக்க வைத்தலும் குளோரினும் தீர்வாகா. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்த நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய நீரைக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகுமே தவிர மாசின் பெரும்பகுதி பாத்திரத்திலேயே தங்கும். அங்கு வெளியிலிருந்து வரும் நீர் மட்டுமே குடிநீர்.

கைகளும் குழந்தை உணவும்

சோப்பினால் கை கழுவுவதால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது என ஆய்வுகள் காட்டுகின்றன. நீர் குறைவாக உள்ளபோது முதலில் கைவிடப்படுவதும் இதுவே. புட்டியின் மூடியில் ஆணியால் துளையிட்டுக் கவிழ்த்துக் கட்டினால், மெல்லிய ஒழுக்கில் சிறிதளவு நீரைக் கொண்டே கை கழுவலாம். இதை வாளிக் கழிப்பறையின் அருகில் ஒன்றும் அடுப்படியில் ஒன்றுமாக வைப்பது நன்று. குடிநீரைப் பாத்திரத்தில் கைவிட்டு மொள்ளாமல், நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுத்தல் வேண்டும்.

தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு வெள்ளக்காலத்தில் அதை நிறுத்தக் கூடாது. 2006 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கப் பகுதியிலுள்ள போட்சுவானாவில் கடும் மழைக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவி நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தனர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் பெறாமல் மாவுப்பாலை நம்பியிருந்தவர்கள். நிவாரணப் பொருளாக மாவுப்பாலை அனைவருக்கும் பகிர்ந்தளிப்பது நல்லெண்ணத்தால் செய்யப்படும் தவறாகும். அதைக் கரைப்பதற்கான நல்ல நீர் அங்கு இருப்பதில்லை.

வீட்டைக் கழுவுதல்

வெள்ளநீர் வடிந்த வீட்டில் முதலில் சேறு, பிறகு சோப்பு நீர், கடைசியாகக் குளோரின் என்பதே வரிசை. தரைக்கும் சுவருக்கும் 0.1 விழுக்காட்டுக் கரைசல் போதும். மேலே கூறிய ஒரு விழுக்காட்டுக் கரைசலின் ஒரு பங்குடன் ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் இது கிடைக்கும். தெருச் சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடரை வெள்ளைக் கோடாகத் தூவுவது நம் ஊர்களில் வழக்கம். சேற்றில் உலர்ந்த தூள் ஆற்றும் பணி மிகக் குறைவு; தூவப்படும் அந்தப் பவுடர் தொட்டிகளுக்குச் சென்றால் கூடுதல் பயன் தரும். கழிப்பறை கழுவும் அமிலத்துடன் பிளீச்சிங் பவுடரைக் கலக்கக் கூடாது. அப்போது வெளிப்படும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் நுரையீரலைப் புண்ணாக்கும்.

சேற்றில் இறங்குவோர் ரப்பர்க் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர், தோலில் உள்ள வெட்டுக்காயத்தின் வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகின்றது. 2005 சூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் 944 மி.மீ மழை பெய்த பின்னரும், 2018 கேரள வெள்ளத்திற்குப் பின்னரும் இந்நோய் பரவியது. கேரளத்தில் மீட்புப் பணியாளர்களுக்கும் துப்புரவு செய்வோருக்கும் முன்தடுப்பாக டாக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்பட்டது. இதை மருத்துவரின் அறிவுரைப்படியே உட்கொள்ள வேண்டும். சேற்றில் நின்ற ஓரிரு வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் தோன்றினால், வெள்ளநீரில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகவே கருதப்பட்டு, மருந்து தொடங்க வேண்டிய முதல் சில நாட்கள் கடந்துவிடக்கூடும்.